பூட்டிய கோப்புகள் – 9: மின்வெட்டு காத்த பிரதி

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகத்துக் கணக்குக் கணினியில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்ததையும், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி மற்றவற்றைக் காத்ததையும் சென்ற வாரமே சொல்லியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளட்டும். பேக்கப்பிலிருந்து கோப்புகளை மீட்கும் கிரமத்தை இவ்வாரம் எழுதுவதாக இருந்தேன். இடையில் மின்வெட்டைப் பற்றிய விருத்தாந்தம் ஒன்று கிட்டிவிட்டது. மின்சாரம் போன மறுகணமே ஜெனரேட்டரின் சப்தத்தோடு மேனேஜரின் சாபமும் சேர்ந்தெழுகிற தொழிற்பேட்டைக்காரர்களிடம் அதைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.

2017 ஜூன் 27 அன்று, உக்ரைனில் வரிக்கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட்டில் ஒளிந்து புறப்பட்ட நாட்பெட்யா என்னும் நாச நிரல், டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் கம்பெனியைத் தாக்கிய வேகத்தில், மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய சரக்கு முனையமும் ஸ்தம்பித்தது. கேட்ட தொகை கணினிக்கு 300 டாலர். கொடுத்தாலும் பிரயோஜனமில்லை, ஏனெனில் திறவுகோலே கிடையாது. பணம் பறிக்கும் வேஷமிட்டு வந்த சர்வநாசம் அது.

எவர் எந்தக் கணினியில் பிரவேசிக்கலாம் என நிர்ணயிக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் அக்கம்பெனிக்கு உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில், எல்லாம் ஒருசேர அழியக்கூடுமென்பதை யாரும் யோசிக்கவில்லை; அழிந்தன. தப்பியது கானாவில் இருந்த ஒன்று மட்டுமே, அதுவும் தாக்குதலுக்கு முன்பே அங்கே மின்சாரம் போய் வலையிலிருந்து அறுந்து கிடந்த புண்ணியத்தால்! அதன் தகவல்களை, மீட்பு வேலை நடந்த இங்கிலாந்துக்கு இணைய வழியே அனுப்ப அங்கத்திய இணைப்பின் வேகம் போதவில்லை. கானா ஊழியர்களிடமோ பிரிட்டிஷ் விசா இல்லை. ஆகவே ஒருவர் ஹார்ட் டிஸ்க்கோடு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் மற்றொருவர் கையில் ஒப்படைக்க, அவர் லண்டனுக்குப் பிரயாணமானார். அப்பால் பத்தே நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவியதாக அக்கம்பெனியின் தலைவர் பின்னர் டாவோஸில் கூறினார்.

ஓயாது ஒன்றோடொன்று தொடர்பிலிருந்த அந்த 150-ஐ நான் ஒரே பிரதி என்றுதான் கணக்கிடுவேன். நமது சேதராப்பட்டு அலுவலகத்திலும், இரவும் பகலும் கணினியிலேயே செருகியிருந்த பேக்கப் டிஸ்க் கணக்குகளோடு சேர்ந்தே பூட்டப்பட்டது. மாதக் கடைசியில் மட்டும் வெளியே எடுத்துப் பிரதி செய்து, மீண்டும் பீரோவில் வைக்கப்பட்ட பழைய டிஸ்க்தான் பிழைத்தது.

அதை ஆத்திரத்தில் உடனே செருகிவிடலாகாது. பாதிக்கப்பட்ட கணினியைத் துடைத்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, பாதுகாப்பு அப்டேட்டுகளைப் போட்டு, பாஸ்வேர்டுகள் அனைத்தையும் மாற்றிய பிறகே அந்த டிஸ்க்கைத் தொட வேண்டும். துடைக்குமுன் பூட்டிய கோப்புகளையும் ஒரு தனி டிஸ்க்கில் எடுத்து வைப்பது விவேகம்; ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல் உள்ளிட்டோர் 2016-ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் சிலவகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறவுகோல்கள் உண்டு.

மீட்ட கோப்புகளைச் சரிபார்க்கும் முறையும், 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை சர்வர்கள் முடங்கிக் காகிதத்துக்குத் திரும்பிய கதையும் அடுத்த வாரம், வேறு விருத்தாந்தம் குறுக்கிடாவிட்டால்.