முப்பத்தாறே படங்கள்: குறைந்த செலவில் ஃபிலிம் கேமராவோடு ஒரு தொடக்கம்

பீரோவின் மேல்தட்டில், பழைய பட்டுப்புடவைகளுக்கும் திருமண ஆல்பத்துக்கும் நடுவே, தோலுறைக்குள் உறங்கும் ஒரு கேமரா இன்றும் நம்மில் பலர் வீட்டில் உண்டு. அது வடோதராவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 ஆக இருக்கலாம்; ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுத்துத் தந்த எளிய பெட்டி அது. சோவியத் நாட்டிலிருந்து வந்த ஜெனிட்டாகவோ, உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த யாஷிகாவாகவோ கூட இருக்கலாம். அந்நாளில் அவற்றுக்கு ஊட்டிய கறுப்பு வெள்ளைச் சுருள்களில் ஒரு பகுதி நம் உதகமண்டலத்திலேயே உருவானது. 1960இல் நிறுவப்பெற்று 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்னும் பெயரில் அவற்றை நாடெங்கும் அனுப்பியது.

அந்த ஆலை இன்று இயங்கவில்லை. ஆயினும் ஃபிலிமில் படமெடுக்கும் ஆர்வம் இளைய தலைமுறையிடம் மீண்டும் தளிர்த்திருக்கிறது. கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படங்களைச் சேர்த்துவிட்டு ஒன்றையும் திரும்பப் பார்க்காத நமக்கு, ‘இருப்பது முப்பத்தாறே’ என்ற எல்லை ஒரு பயிற்சியாக அமைகிறது. அந்த எல்லைக்குள் சிக்கனமாக இப்பொழுதுபோக்கைத் தொடங்குவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கேமரா மலிவு, சுருளே செலவு

புதிதாக வருவோர் பலர் பணம் முழுவதையும் கேமராவில் போட்டுவிடுகின்றனர். உண்மையில் கேமரா ஒருமுறைச் செலவு. சுருளும் அதைக் கழுவுவதும் ஸ்கேன் செய்வதும் தொடர்செலவு. இன்று நம் கடைகளில் கிடைக்கும் சுருள்கள் பெரும்பாலும் இறக்குமதியானவை. கோடாக் ஃபிலிம் அமெரிக்காவின் ராச்செஸ்டரிலும், இல்ஃபோர்ட் இங்கிலாந்திலும் தயாராகின்றன. ஆகவே சரக்குக் கட்டணமும் நாணய மாற்று விகிதமும் அவற்றின் விலையில் சேர்ந்தே வருகின்றன.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுருள், கழுவுதல், ஸ்கேன் மூன்றுக்கும் சேர்த்து 1,440 ரூபாய் ஆவதாகக் கொள்வோம். முப்பத்தாறு படங்களுக்குப் பங்கிட்டால் ஒரு படத்துக்கு 40 ரூபாய். மாதம் ஒரு சுருள் என்றால் ஆண்டுக்கு 17,280 ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றால் அதில் பாதி. உங்கள் ஊர் விலையை விசாரித்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஆண்டுத் தொகையை முடிவு செய்து, அதில் மிஞ்சுவதற்குள் கேமராவைத் தேடுவதே முறை. பொழுதுபோக்குக்காகக் கிரெடிட் கார்டில் தவணை வைப்பதைக் காட்டிலும், மாதந்தோறும் ஒரு சிறுதொகையை ஒதுக்கி வருவது மனத்துக்கும் நிம்மதி.

எந்தக் கேமரா?

வீட்டில் இருப்பதே முதல் தேர்வு. அது இயங்கினால் செலவு மிச்சம். இல்லாவிட்டால் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, இப்போதும் புதிதாக விற்கப்படும் எளிய பிளாஸ்டிக் கேமரா. குவியமும் ஷட்டர் வேகமும் மாறாதவை. வெயிலில் நன்கு எடுக்கும். வீட்டுக்குள் ஃபிளாஷ் வேண்டும். இவ்வகையில் ‘ஆஃப் ஃபிரேம்’ எனப்படுபவை ஒரு படத்துக்குரிய இடத்தில் இரண்டை எடுக்கும். கோடாக் எக்டார் எச்35 அத்தகையது. முப்பத்தாறு படச் சுருளில் 72 படங்கள் கிடைப்பதால், மேற்சொன்ன கணக்கில் ஒரு படம் 20 ரூபாயாகக் குறைகிறது. படத்தின் நுணுக்கம் சற்றுக் குறையும். கற்பதற்கு அது தடையன்று.

இரண்டாவது, பழைய ரேஞ்ச்ஃபைண்டர்களும் சிறு கேமராக்களும். 1967 முதல் 1984 வரை தயாரான ஒலிம்பஸ் டிரிப் 35 பேட்டரியே இல்லாமல் ஒளியை அளக்கும். யாஷிகா எலக்ட்ரோ 35 அருமையான லென்ஸ் உடையது. ஆனால் அதற்குரிய பாதரச பேட்டரி இப்போது தயாராவதில்லை. மாற்றுப் பேட்டரிக்கான அடாப்டர் இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும்.

மூன்றாவது, லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்.எல்.ஆர். 1976 முதல் 1997 வரை விற்பனையான பென்டாக்ஸ் கே1000 மாணவர்களின் கேமரா என்றே பெயர் பெற்றது. அதன் ஷட்டர் முழுவதும் இயந்திரத்தால் இயங்குவது. சிறு பட்டன் பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே தேவை. நிக்கான் எஃப்.எம்.10 உம் அவ்வாறே.

வாங்குமுன் ஐந்து நிமிடம்

தில்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி, கொல்கத்தா எஸ்பிளனேடின் மெட்ரோ சந்து போன்ற கேமராச் சந்தைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். பின்கதவைத் திறந்து, லென்ஸை டியூப்லைட்டை நோக்கிப் பிடியுங்கள். சிலந்திவலை போன்ற நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் மழைக்காலத்தில் தோலுறைக்குள்ளேயே வைத்த கேமராக்களுக்கு இது அதிகம் வரும். பிறகு ஷட்டரை ஒரு விநாடியிலும் மிக வேகத்திலும் இயக்கி, வேறுபாடு காதில் கேட்கிறதா என்று பாருங்கள். பின்கதவின் ஓரத்தில் ஒட்டிய பஞ்சு பிசுபிசுத்து உதிர்ந்தால் வெளிச்சம் உள்ளே கசியும். அதைக் குறைந்த செலவில் மாற்றலாம். பேட்டரி அறையில் பச்சை, வெள்ளைப் படிவு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

இணையத்தில் வாங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். ‘ராணுவத்தில் பணிபுரிகிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, முன்பணம் அனுப்புங்கள்’ என்று உருக்கமாகப் பேசி ஏமாற்றும் கும்பல்கள் பழைய பொருள் சந்தையில் நெடுநாளாக உலவுகின்றன. பொருளை நேரில் பார்த்தபின் பணம் கொடுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். முன்பணத்தைத் ‘திருப்பி அனுப்புகிறேன்’ என்று சொல்லி அந்த எண்ணை அழுத்தச் சொல்வது அவர்களது வழக்கம். ஏமாந்துவிட்டால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

எங்கள் முதல் சுருள்

கற்றதை எழுதும்போது பட்டதையும் எழுதுவதே நேர்மை. பழைய கே1000 ஒன்றை வாங்கிய புதிதில், எங்களோடு நெடுங்காலம் பணியாற்றிய மூத்தவர் ஒருவரின் பணி நிறைவு விழாவுக்கு அதை எடுத்துச் சென்றோம். கைப்பேசிகளை வேண்டுமென்றே பையில் வைத்தோம். மாலை அணிந்து அவர் நின்றதையும், கடைசியாகத் தம் மேசை இழுப்பறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்ததையும், துணைவியார் கண்களைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்துப் பார்த்து எடுத்தோம். முப்பத்தாறு முடிந்தும் லீவர் தடையின்றி நகர்ந்தது. அதிர்ஷ்டம் என்று எண்ணினோம்.

கழுவிய கடைக்காரர் சுருளை விளக்கில் பிடித்துக் காட்டினார். ஓரத்தில் எண்கள் மட்டும் இருந்தன, நடுவே ஒன்றுமில்லை. ஃபிலிமின் முனை எதிர்ப்புறச் சுருளியில் மாட்டிக்கொள்ளவே இல்லை. உறைக்குள் அசையாதிருந்த ஃபிலிமின் முன்னே நாங்கள் முப்பத்தாறு முறை ஷட்டரை அழுத்தியிருந்தோம். மூத்தவர் அதற்குள் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

இதைத் தவிர்ப்பது எளிது. ஃபிலிமை மாட்டியதும், இடப்புறம் மேலே உள்ள, ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழை மெல்லத் திருப்பித் தளர்வை எடுங்கள். பிறகு ஒவ்வொரு முறை லீவரைத் தள்ளும்போதும் அக்குமிழும் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால், முதல் படத்துக்கு முன்பே கதவைத் திறந்து சரிசெய்யுங்கள். இரண்டு விநாடிச் சோதனை இது; நாங்கள் அதைச் செய்யவில்லை.

ஒளியை அளத்தல்

ஒளிமானி இல்லாத கேமராவிலும் படமெடுக்கலாம். நல்ல வெயிலில் அப்பெர்ச்சரை எஃப்/16இல் வைத்து, சுருளின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு நெருங்கிய ஷட்டர் வேகத்தைத் தேர்வதே பழைய விதி. ஐ.எஸ்.ஓ. 200 சுருளுக்கு விநாடியில் 250இல் ஒரு பங்கு. 400க்கு 500இல் ஒரு பங்கு. மேகமூட்டத்தில் எஃப்/8, கட்டட நிழலில் எஃப்/5.6 என்று திறந்துகொள்ளலாம். வண்ண நெகடிவ் சுருள் கூடுதல் ஒளியைப் பொறுக்கும். குறைந்த ஒளியைப் பொறுக்காது. ஐயம் வந்தால் ஒரு படி கூடுதலாகத் திறப்பதே நலம். முதல் சுருளின்போது ஒவ்வொரு படத்துக்கும் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். கழுவி வந்தபின் அக்குறிப்பேடே உங்கள் ஆசிரியர்.

விமானப் பயணத்தில் ஃபிலிமைக் கைப்பையிலேயே வைத்து, கையால் சோதிக்குமாறு பணிவுடன் கேளுங்கள். வீட்டில் கேமராவைத் தோலுறையிலிருந்து வெளியே எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் பூஞ்சை அண்டாது.

நெகடிவைக் கேட்டு வாங்குங்கள்

ஸ்கேன் செய்த படங்கள் மின்னஞ்சலில் வந்ததும் நெகடிவை மறந்துவிடுவோர் பலர். அதுவே மூலப்பத்திரம், ஸ்கேன் அதன் நகல்தான். நாள், இடம் எழுதிய உறையில் ஈரமில்லாத இடத்தில் பாதுகாத்தால், உங்கள் பிள்ளைகளும் அதிலிருந்து பிரிண்ட் போட்டுக்கொள்வார்கள்.

மூன்று மாதம் கழித்து, இரண்டாம் சுருளோடு எங்கள் மூத்தவரின் ஊருக்குச் சென்றோம். குமிழ் சுழல்வதைப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்கினோம். மாலையும் மேடையும் அங்கு இல்லை. திண்ணையில் செய்தித்தாளோடு அவரும், வாசற்படியில் துணைவியாரும் அமர்ந்திருந்தனர். ஆறு படங்களே எடுத்தோம், ஐந்து தேறின. அவற்றுள் ஒன்றைச் சட்டம் போட்டு அனுப்பினோம். கூடத்துச் சுவரில் நாட்காட்டிக்கு அருகில் அது மாட்டப்பட்டிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். விழாவில் எடுத்த படங்கள் எப்போது வரும் என்றும் கேட்டார். உண்மையைச் சொன்னோம். சிறிது நேரம் சிரித்துவிட்டு, அடுத்தமுறை வரும்போது தம் பீரோவில் உள்ள பழைய கேமராவையும் பார்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்.