ராஜாவின் முழங்கை

எங்கள் வீட்டு ராஜாவுக்கு அப்போது ஏழு மாதம். லாப்ரடார் ஜாதி. தூங்கி எழுந்ததும் முன்னங்காலை விந்தி விந்தி நடப்பான். கொஞ்சம் நடமாடினால் சரியாகிவிடும். "ஆட்டம் போட்டதிலே சுளுக்கியிருக்கும்" என்று ஒரு மாதம் அலட்சியமாக இருந்துவிட்டேன்.

கால்நடை டாக்டர் அவன் முழங்கையை மடக்கி நீட்டியதும் வீலென்று கத்தினான். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள்.

"முழங்கையிலே மேலே ஒரு எலும்பு, கீழே ரெண்டு எலும்பு சேருதும்மா. கீழே இருக்கிற ரெண்டும் சமமா வளரணும். ஒண்ணு உசந்துட்டா அதன் ஓரத்திலே பாரம் விழுந்து, சில்லு பெயர்ந்துடும். பெரிய ஜாதி நாய்களுக்குப் பரம்பரையா வர்ற கோளாறு" என்றார் டாக்டர்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "நல்லா வளரட்டும்னு நான் தினமும் கால்சியம் பொடி கொடுத்தேனே!"

"அதுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா குட்டிகளுக்கான சத்துணவு சாப்பிடற பெரிய ஜாதிக் குட்டிக்கு மேற்கொண்டு கால்சியம் கூடாது. எலும்பு வளர்ச்சியே கெடும்."

ஆர்த்ரோஸ்கோப்பி செய்வதென்று முடிவாயிற்று. மயக்க மருந்து கொடுத்து, சின்னத் துளை வழியாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள காமிராவையும், இன்னொரு துளை வழியாகக் கருவியையும் செலுத்திச் சில்லை எடுப்பார்களாம்.

"அப்போ எலும்பு சமமாயிடுமா, டாக்டர்?"

"இல்லேம்மா. செருப்பிலே மாட்டின கல்லைத்தான் எடுக்கிறோம். செருப்போட அளவு மாறாது. எலும்பை வெட்டிப் பொருத்தறது வேறே பெரிய ஆபரேஷன். எல்லா நாய்க்கும் அது தேவையில்லே. காமிரா நுழையக் காலை வளைச்சு மூட்டைத் திறக்கிறதாலே, அப்ப தெரியற பொருத்தம் வேறே, நிக்கும்போது இருக்கிறது வேறே. அதனாலதான் ஸ்கேனையும் பார்த்தோம்."

சில்லு போயிற்று, வலி குறைந்தது. சில வாரங்கள் சங்கிலி போட்டு மெதுவான நடைதான். மாடிப்படி, குதியாட்டம் கிடையாது.

இப்போது ராஜாவுக்கு நான்கு வயது. மார்கழிக் காலையில் கொஞ்சம் விந்துவான். மூட்டுத் தேய்மானம் மெல்ல வரத்தான் செய்யும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். அதைத் தள்ளிப்போட, உடம்பு எடை கூடாமல் பார்ப்பது என் பொறுப்பு. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

சகோதரிகளே, குட்டி நொண்டினால் நாள் கடத்தாதீர்கள். நமக்கு வாங்கிய வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அது விஷமாகிவிடலாம். குட்டி வாங்கும்போதே தாய் தகப்பனின் முழங்கை பற்றி விசாரியுங்கள்.

என் மகள் மட்டும் இன்னமும் மேஜைக்கடியில் ராஜாவுக்கு பிஸ்கட் நீட்டுகிறாள். அவளையும் சேர்த்துத்தான் கண்காணிக்க வேண்டியிருக்கிறது!