சராசரியும் கிராமக் கணக்கும்

கிராமங்களில் எண்களுக்குப் பஞ்சமில்லை. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருவேளையும் பாலின் அளவு பதிவாகிறது. மழைமானி உள்ள இடங்களில் தினந்தோறும் காலை எட்டரை மணிக்கு மழை அளக்கப்படுகிறது. அறுவடைக் காலத்தில் மகசூல் நிறுக்கப்படுகிறது. இவ்வளவும் ஏடுகளில் ஏறியபின் அவற்றைப் புரட்டிப் பார்ப்போர் சிலரே. அச்சிலரும் பெரும்பாலும் “சராசரி எவ்வளவு?” என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகின்றனர். அவ்விதம் நிற்பதனால் உதவி சேரவேண்டிய குடும்பத்திற்குச் சேராமற் போவதும், மழை குறைந்த ஊர் செழிப்பான ஊரென்று எண்ணப்படுவதும் உண்டு.

பதினோரு அங்கத்தினர் கொண்ட ஒரு சிறு பால் சங்கத்தை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். ஒருநாட் காலையில் அவர்கள் ஊற்றிய பால், லிட்டர் கணக்கில், சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தினால் 2, 2, 3, 3, 3, 4, 4, 5, 5, 6, 40 என்று இருக்கிறது. மொத்தம் 77 லிட்டர். அதைப் பதினொன்றால் வகுக்க 7 லிட்டர் வருகிறது. இதுவே கூட்டுச் சராசரி. கணக்கில் பிழை யாதுமில்லை. ஆயினும் அந்தச் சங்கத்தில் ஏழு லிட்டர் ஊற்றுகிறவர் ஒருவருமில்லை. பத்துப் பேர் அதற்குக் குறைவாகவே ஊற்றுகின்றனர்; பல கறவை மாடுகளை வைத்திருக்கும் ஒருவர் மட்டும் நாற்பது லிட்டர் ஊற்றுகிறார்.

இந்நிலையில் நிர்வாகிகள் மாட்டுத் தீவனத்தைக் கடனாகக் கொடுக்க முற்படுகின்றனர். “சராசரியோ ஏழு லிட்டர், ஆகையால் ஐந்து லிட்டரும் அதற்கு மேலும் ஊற்றுவோருக்குக் கொடுப்போம், அநேகமாக எல்லோரும் அடங்கிவிடுவர்” என்று தீர்மானிக்கின்றனர். அடங்குவோர் நால்வரே. தீவனமின்றிப் பால் குறைந்துபோன எழுவரும் வெளியே நிற்கின்றனர். தீர்மானித்தவர்களிடம் பாரபட்சம் ஏதுமில்லை. ஒரு பெரிய எண் மற்றப் பத்து எண்களையும் மறைத்துவிட்டது.

இத்தகைய இடங்களில் உதவுவது இடைநிலை அளவு. எண்களை வரிசையாக வைத்து நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். பதினோரு எண்களில் ஆறாவதாக நிற்பது 4. ஆகவே இடைநிலை 4 லிட்டர். எண்களின் தொகை இரட்டைப்படையாயிருந்தால் நடுவிலுள்ள இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும். நாற்பது லிட்டர்க்காரர் ஒருநாள் பால் ஊற்ற வராவிட்டால் கூட்டுச் சராசரி ஏழிலிருந்து 3.7-க்கு விழுந்துவிடும், இடைநிலையோ நான்கிலிருந்து 3.5-க்கு மட்டுமே நகரும். ஒருவர் வந்தார், வரவில்லை என்பதனால் சங்கத்தின் நிலைமை பாதியாகக் குறைந்துவிட்டதென்று சொல்லும் எண்ணை நம்பித் திட்டம் போடுவது தகாது. மிகுதியான தடவை வரும் எண்ணுக்கு முகடு என்று பெயர். இங்கே அது 3 லிட்டர்; எந்த அளவுப் பாத்திரம் அதிகமாக வேண்டும் என்பது போன்ற சில்லறை விஷயங்களுக்கு அது பயன்படும்.

ஆனால் கூட்டுச் சராசரியைத் தள்ளிவிடலாகாது. நாளைக்கு எவ்வளவு பால் குளிர்விக்க வேண்டும், லாரியில் எவ்வளவு இடம் வேண்டும் என்பன மொத்தத்தைச் சார்ந்த கேள்விகள். சராசரியை அங்கத்தினர் தொகையால் பெருக்கினால் மொத்தம் கிடைத்துவிடும். இடைநிலையைக் கொண்டு அதைச் செய்ய இயலாது. சரக்கைப் பற்றிய கேள்விக்குச் சராசரியும், குடும்பத்தைப் பற்றிய கேள்விக்கு இடைநிலையும் பெரும்பாலும் பொருந்தும்.

தேசம் முழுவதற்குமான கணக்கிலும் இதே நிலைமை காணப்படுகிறது. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு சாகுபடி நிலவுடைமையின் சராசரி அளவு 1.08 ஹெக்டேர், அதாவது சுமார் 2.67 ஏக்கர். அதே கணக்கெடுப்பில், நூற்றுக்கு 68-க்கு மேற்பட்ட நிலவுடைமைகள் ஒரு ஹெக்டேருக்கும் குறைந்தவை. ஆகவே எல்லாச் சாகுபடியாளரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரிடம் ஒரு ஹெக்டேர் நிலங்கூட இராது என்பது வேறு விவரமின்றியே விளங்கும். பத்து ஹெக்டேரும் அதற்கு மேலும் உடைய நிலவுடைமைகள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு; அவற்றின் பரப்போ நூற்றுக்கு ஒன்பது. சராசரியை மேலே இழுப்பவை அவையே.

மழை விஷயத்தில் வேறொரு குறை நேருகிறது. நடு எண் எது என்பதோடு, எண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதையும் பார்க்கவேண்டும். இரண்டு ஊர்களின் ஐந்து வருஷ மழை பின்வருமாறு இருப்பதாகக் கொள்ளலாம். முதல் ஊரில் 80, 90, 85, 95, 100 சென்டிமீட்டர். இரண்டாம் ஊரில் 40, 150, 60, 130, 70 சென்டிமீட்டர். இரண்டிலும் மொத்தம் 450, சராசரி 90. தாளில் இவ்விரண்டும் ஒரே ஊர். முதல் ஊரார் ஒரே பயிரை வருஷந்தோறும் துணிந்து விதைக்கலாம். இரண்டாம் ஊராருக்கு ஐந்தில் மூன்று வருஷம் சராசரிக்கு மிகவும் கீழே போய்விடுகிறது.

பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வீச்சு கிடைக்கும். முதல் ஊரில் அது 20, இரண்டாம் ஊரில் 110. இது எளிது, ஆனால் இரண்டு ஓரங்களை மட்டுமே அறியும். எல்லா வருஷங்களையும் கணக்கில் சேர்ப்பது திட்ட விலக்கம். பெயர் கடினமாயினும் வேலை கடினமன்று. இரண்டாம் ஊரில் ஒவ்வொரு வருஷ மழையிலிருந்தும் 90-ஐக் கழிக்க, −50, 60, −30, 40, −20 என்று வரும். இவற்றை அப்படியே கூட்டினால் பூஜ்யமாகிவிடுமாதலால் ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கி வர்க்கமாக்க வேண்டும்: 2500, 3600, 900, 1600, 400. கூட்டினால் 9000, ஐந்தால் வகுக்க 1800, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 42. முதல் ஊருக்கு இதேபோற் செய்தால் 7 வருகிறது. கையிலுள்ள ஐந்து வருஷங்களை நீண்ட காலத்தின் மாதிரியாகக் கொள்ளுமிடத்து ஐந்துக்குப் பதில் நான்கால் வகுப்பது முறை. விடை சற்றுப் பெரிதாகும், கருத்து மாறாது. திட்ட விலக்கத்தைச் சராசரியின் நூற்று வீதமாகச் சொன்னால் முதல் ஊருக்கு 8, இரண்டாம் ஊருக்கு 47. மாறுபாட்டுக் கெழு எனப்படும் இந்த ஒரு எண்ணைச் சராசரிக்குப் பக்கத்தில் எழுதியிருந்தால் அவ்விரு ஊர்களையும் ஒன்றென்று யாரும் மயங்கமாட்டார்.

ஒரு ஜில்லாவில் மழை வழக்கமான அளவிலிருந்து நூற்றுக்கு 19 வரை கூடினாலும் குறைந்தாலும் இந்திய வானிலை இலாகா அதை இயல்பான மழை என்றே வகைப்படுத்துகிறது. மொத்தம் இயல்பாயிருந்தும் பயிர் காய்வதுண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது அவ்வூரில் சாதாரணமாக ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழைக்கும் அதிகம். அவ்வருஷத்து மொத்தத்தை மட்டும் பிற்காலத்தில் ஏட்டில் காண்போர் அதை நல்ல வருஷமென்று எண்ணக்கூடும். ஆதலின் மழை பெய்த நாட்களின் தொகையையும் அருகே குறிப்பது நலம். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பதிவான நாளையே மழை நாளாகக் கணக்கிடுவது வழக்கம்.

சராசரி நேராக விவசாயியின் கைப்பணமாக மாறும் இடம் பயிர்க் காப்பீடு. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிப்படி, கடந்த ஏழு வருஷங்களில் சிறந்த ஐந்து வருஷ மகசூலின் சராசரியை எடுத்து, அதில் குறிப்பிட்ட வீதத்தை உத்தரவாத மகசூலாகக் கொள்வர். ஓர் ஊரில் ஹெக்டேருக்கு 3200, 4100, 2500, 3900, 4300, 1200, 4000 கிலோ விளைந்ததாகக் கொள்ளலாம். 2500, 1200 என்ற இரண்டு மோசமான வருஷங்களையும் நீக்கினால் மற்ற ஐந்தின் சராசரி 3900. வீதம் நூற்றுக்கு 80 ஆனால் உத்தரவாதம் 3120 கிலோ. ஏழு வருஷங்களையும் சேர்த்திருந்தால் சராசரி 3314-ஆகவும் உத்தரவாதம் 2651-ஆகவும் இறங்கியிருக்கும். வறட்சி கண்ட ஊரின் உத்தரவாதத்தை அவ்வறட்சியே குறைத்துவிடாதிருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது.

நடப்பு மகசூலை அறியப் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தப்படுகிறது. முக்கியப் பயிருக்குக் கிராமப் பஞ்சாயத்து ஒன்றில் குறைந்தது நான்கு வயல்களைக் குலுக்கல் முறைப்படி தெரிந்தெடுத்து, நெல்லாயின் ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள பகுதியை அறுத்து நிறுப்பர். கண்ணுக்குப் பிடித்த வயலைத் தேர்ந்தால் நல்ல பயிரே அகப்படும் என்பது பழைய அனுபவம். பீகார்-ஒரிஸ்ஸா மாகாணத்தில் 1920-களில் நெல் மகசூலை ஆராய்ந்த ஜான் ஹப்பக் குலுக்கல் முறையைக் கையாண்டார். பிறகு வங்காளத்தில் மஹலநோபிஸ் சணற் பயிர்க் கணக்கில் அதை விரிவாக வளர்த்தார்.

நான்கு பகுதிகளில் 7.2, 6.1, 5.9, 4.2 கிலோ நெல் கிடைத்ததென்றால் சராசரி 5.85 கிலோ. 25 சதுர மீட்டர் ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்காதலால் 400-ஆல் பெருக்க 2340 கிலோ ஆகிறது. உத்தரவாதத்திற்கு 780 கிலோ குறைவு. அதாவது நூற்றுக்கு 25. காப்பீடு செய்த தொகையில் காற்பங்கு ஊரிலுள்ள காப்பீட்டாளர் எல்லோருக்கும் ஒரே வீதத்தில் கிடைக்கும். அங்கேதான் கடைமடைக்காரரின் மனக்குறை. 4.2 கிலோ அகப்பட்ட வயல் அவருடையதாயின் அவர் கண்டது ஹெக்டேருக்கு 1680 கிலோ. அவருடைய உண்மையான நஷ்டம் நூற்றுக்கு 46. 7.2 கிலோ கண்ட தலைமடை வயலில் நஷ்டம் நூற்றுக்கு 8 கூட இல்லை. இருவர்க்கும் 25. ஆலங்கட்டி மழை போன்ற சில விபத்துக்களுக்கு மட்டுமே தனி வயலைப் பார்வையிடும் விதி இருப்பதால், ஏனையவற்றில் சராசரி சொன்னதே முடிவாகிறது.

ஆகவே அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளில் ஊரார் வயலருகே நிற்பது வீண்வேலையன்று. அளவுநாடா ஐந்து மீட்டருக்குச் சரியாகப் பிடிக்கப்பட்டதா, உதிர்ந்த கதிர்கள் பொறுக்கப்பட்டனவா, ஈர நெல்லுக்கு உரிய கழிவு கொடுக்கப்பட்டதா, தராசின் முள் பூஜ்யத்தில் நின்றதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஒரே பகுதியில் நூறு கிராம் கூடுதலாக நிறுக்கப்பட்டால் ஊர்ச் சராசரி ஹெக்டேருக்குப் பத்துக் கிலோ ஏறிவிடும். நான்கிலும் அவ்விதம் நேர்ந்தால் நாற்பது கிலோ.