உங்களுக்குத் தெரியுமா? எதிரெதிராய் நின்றவர்கள் அருகருகே உறங்கும் மயானம்

உக்ரைனின் லிவிவ் நகரம் போலந்துக்காரர்களுக்கு ‘ல்வூவ்’, ஜெர்மானியருக்கு ‘லெம்பெர்க்’. 1918 வாக்கில் நகருக்குள் போலந்துக்காரர்கள் பெரும்பான்மை. சுற்றுவட்டக் கிராமங்களில் உக்ரைனியர்கள்.

ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு சரிந்த வேளையில், 1918 நவம்பர் 1 அன்று உக்ரைனியர்கள் நகரைக் கைப்பற்றினார்கள். மூன்று வாரத் தெருச்சண்டைக்குப் பின் போலந்துத் தரப்பு அதை மீட்டது. பள்ளிப் பிள்ளைகளும் துப்பாக்கி ஏந்தினார்கள். ‘கழுகுக் குஞ்சுகள்’ என்று அவர்களுக்குப் பெயர்.

நகரின் லிச்சாகிவ் மயானத்தில் இருந்த, அவர்களில் மாண்டவர்களின் கல்லறைகளை 1971-இல் சோவியத் அரசு இடித்துத் தள்ளியது. சீரமைத்து 2005-இல் மீண்டும் திறந்தபோது போலந்து, உக்ரைன் அதிபர்கள் இருவரும் வந்திருந்தார்கள். பக்கத்திலேயே, அவர்களை எதிர்த்துப் போரிட்ட உக்ரைனிய வீரர்களின் நினைவிடம்!