ஒரு கோப்பைக்கு எத்தனை கரண்டி?

வன்னியில், கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு வீட்டுக்குப் போனால், கதிரையில் இருக்க முன்னரே தேத்தண்ணி வந்துவிடும். பெரும்பாலும் வெறுந்தேத்தண்ணிதான், ஆனால் இனிப்பில் குறை இருக்காது. சீனியைக் குறைத்துப் போட்டால் வந்தவரை மதிக்கவில்லை என்றாகிவிடுமோ என்று வீட்டுக்காரர் யோசிப்பார். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்த மக்கள் இவர்கள். 2009இல் போரால் இடம்பெயர்ந்து தங்கிய செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் கிடைத்த நிவாரணத்தில் அரிசி, மா, பருப்பு, எண்ணெயோடு சீனியும் இருந்தது. அப்படிப்பட்டவர்களிடம் போய்ச் சீனியைக் குறையுங்கள் என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 5 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி என்று நாளுக்கு ஐந்து கோப்பை குடிப்பவரின் உடலில் 50 கிராம் சேர்கிறது. அது 200 கலோரி. ஆண்டுக்குக் கூட்டினால் 18 கிலோ சீனி! உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த வழிகாட்டலின்படி, 2000 கலோரி உண்பவருக்கு ஒரு நாளைய உச்ச எல்லையே 50 கிராம்தான். அதை 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது. பிஸ்கட், பணிஸ், சோடா எதையும் தொடாமலே தேத்தண்ணி மட்டும் அந்த எல்லையை நிரப்பிவிடுகிறது. பனங்கட்டியும் தேனும் தீங்கில்லை என்ற நம்பிக்கை ஊரில் பரவலாக இருக்கிறது. உடல் எடையைப் பொறுத்தவரை அவையும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். எடை கூடினால் நீரிழிவும் நெருங்கி வரும்.

2005–06இல் இலங்கையில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு, போர் காரணமாக வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டு ஏழு மாகாணங்களில் மட்டுமே நடந்தது. வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு நோய் இருந்தது அதில் தெரிந்தது. 2018–19இல் நடந்த நாடளாவிய ஆய்வில் அது 23 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் ஏ9 வீதி திறந்தது, கடைகள் பெருகின, ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ வந்தது, சைக்கிள் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது.

வன்னியில் இந்த நோய்க்கு இன்னொரு கொடுமையும் உண்டு. போரில் ஒரு காலை இழந்தவர்கள் இங்கே ஏராளம். ஓடியாடி வேலை செய்ய முடியாததால் எடை கூடுவது அவர்களுக்கு எளிது. எடை கூடினால் செயற்கைக் காலும் பொருந்தாமல் போகும். சீனி வருத்தம் வந்து, மிஞ்சியிருக்கும் காலில் ஆறாத புண் வந்தால் என்ன ஆவது? சீனிக் குறைப்புப் பற்றிய எந்தப் பிரசாரமும் முதலில் தேடிப் போக வேண்டியது இவர்களுடைய வீடுகளைத்தான்.

சட்டம் மக்களின் கையில் ஒரு கருவியைத் தந்திருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், 2016 ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் நிற வட்டம் இருக்க வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. 2017 நவம்பர் வரவு செலவுத் திட்டம், பானத்தில் உள்ள சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் வரியும் விதித்தது. அந்த வரியைப் பின்னர் குறைத்தது பெரும் தவறு. செம்மஞ்சள் வட்டத்தைக் கண்டு ஏமாறவும் கூடாது. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் உள்ள அரை லீற்றர்ப் போத்தலிலும் 50 கிராம் சீனி இருக்கிறது. வட்டத்தோடு போத்தலின் அளவையும் பார்க்க வேண்டும். பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பணிசுக்கும் கேக்குக்கும் வட்டமே இல்லை.

வட்டம் இல்லாத போத்தலைக் கண்டாலோ, 'பத்தே நாளில் மெலியலாம்', 'சீனி வருத்தம் அடியோடு போகும்' என்று விற்கப்படும் மாவுகளைக் கண்டாலோ, பொருளையும் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகலாம். உணவைப் பற்றிப் பொய்யான விளம்பரம் செய்வது சட்டப்படி குற்றம். மாதிரி எடுக்கவும் வழக்குத் தொடரவும் பரிசோதகருக்கு அதிகாரம் உண்டு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்தும் முறையிடலாம்.

உணவை மாற்றுவதற்குக் காசு கொடுத்து அந்த மாவுகளை வாங்கத் தேவையில்லை. முல்லைத்தீவுக் கடல் மீனும், வவுனியா உளுந்தும், பயறும் கௌபியும், வேலியில் நிற்கும் முருங்கையிலையும் போதும். குறைய வேண்டியது சோறும் புட்டும். கூட வேண்டியது மரக்கறியும் பருப்பும் மீனும். தேத்தண்ணியில் இரண்டு கரண்டியை முதலில் ஒன்றரை ஆக்கி, சில வாரம் கழித்து ஒன்றாக்கினால் நாக்கு பழகிவிடும். சீனிக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பூட்டிகளை எடை குறைக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியிருக்கிறது.

தராசு முள் இறங்கவில்லையே என்று மனம் தளர்கிறவர்கள் சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வை அறிய வேண்டும். நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரில், சீனியையும் தீட்டிய தானியத்தையும் குறைத்து நாளும் நடந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடையோ பெரிதாகக் குறையவில்லை.

இன்சுலின் போடுகிறவர்களும் சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் திடீரென உணவைக் குறைக்கக் கூடாது. இரத்தத்தில் சீனி மட்டம் சடுதியாக இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, மயக்கம் வரலாம். கர்ப்பிணிகளும் எடை குறைக்க முயலக் கூடாது.

35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டியிருந்தால் இனியும் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கிளினிக் நாளைக் கேட்டறிந்து, காலையில் சாப்பிடாமல் போய் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.