நேசம் என்றொரு பெயர்

1932ஆம் ஆண்டு கொழும்பு வடக்கில் நடந்த இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குப் போனவர் நேசம் சரவணமுத்து. இலங்கையின் சட்டசபைக்கு மக்கள் தேர்ந்தெடுத்த இரண்டாவது பெண் அவர். 1937இல் கொழும்பின் முதல் மேயரான இரத்தினசோதி சரவணமுத்துவின் மனைவி. அவருடைய பெயரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அம்மா, வல்லி, ஈஸ்வரி என்று எந்த வாலும் இல்லாத ஒற்றைச் சொல். ஸ்நேகம் என்ற வடசொல்லுக்கு உறவான சொல்தான், ஆனால் தமிழ் வாயில் உருண்டு உருண்டு நம்முடையதாகிவிட்டது. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் கேட்டவுடன் பொருள் விளங்கும். பெயராக அடிக்கடி காதில் விழுவதும் இல்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் பெண்பிள்ளைக்கு 'ஒருத்தருக்கும் இல்லாத பேர்' தேடும் பெற்றோருக்கு வேண்டியதும் இதுதான். கடைசியில் கிடைப்பதோ பெரும்பாலும் வேறொன்று.

அது ஏன் என்று பார்த்தால், தேடல் சொல்லில் தொடங்காமல் எழுத்தில் தொடங்குகிறது. பிள்ளை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழியுமுன்பே சாத்திரியார் எழுத்துக் குறித்துக் கொடுத்துவிடுவார். நட்சத்திரம் 27, ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்துகள். ஆயிலியத்தில் பிறந்த பிள்ளைக்கு டி, டு, டே, டோ. டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் சொல்லும் மரபு. ஆகவே அந்த எழுத்தை வைத்துக்கொண்டு தமிழுக்குள் தேடினால் எதுவும் அகப்படாது. அங்கேதான் டிலக்சிகாவும் டினோஜாவும் பிறக்கிறார்கள். பிறகு எண் சாத்திரம் வருகிறது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி, கூட்டிப் பார்த்து, தொகை சரிவராவிட்டால் ஓர் எழுத்தைக் கூட்டுவார்கள், அல்லது குறைப்பார்கள். தகப்பன் பெயரில் பாதியும் தாய் பெயரில் பாதியும் ஒட்டுவதும் உண்டு. இவ்வளவு பாடுபட்டும் பலன் என்ன? டிலக்சிகா, லக்சிகா, தனுசிகா, தர்சிகா என்று ஒரே வகுப்பில் நாலு பிள்ளைகள். முதலெழுத்தில் தேடிய தனித்தன்மை கடைசி எழுத்தில் கரைந்துபோகிறது. பொன்னம்மா, செல்லம்மா, தங்கம்மா என்று ஒரே வாலோடு இருந்த தலைமுறையைப் பழசு என்று தள்ளிவிட்டு, 'சிகா' என்ற இன்னொரு வாலுக்குள் வந்து நிற்கிறோம்.

நட்சத்திர எழுத்தை மீறினால் பிள்ளைக்கு ஆகாதே என்பது முதல் மறுப்பு. சாத்திரத்தின் கணக்கிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. சாதகம் கணிப்பது பிறந்த நேரத்தையும் சந்திரன் நின்ற இடத்தையும் வைத்து. பொருத்தம் பார்ப்பதும் பிறந்த நட்சத்திரத்துக்கு. பிறந்த நேரம் தெரியாதவர்களுக்குத்தான் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு நட்சத்திரம் பார்ப்பார்கள். எழுத்து அவ்வளவு கட்டாயமாக இருந்திருந்தால், நம் பாட்டிமாரில் இத்தனை பேர் பொன்னம்மாவாகவும் செல்லம்மாவாகவும் இருந்திருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து வந்த பெயரைக்கூட அவர்கள் முன்னால் ஓர் இகரம் வைத்து, இராசம்மா, இலட்சுமி என்று தமிழுக்கு இசைவாக்கித்தான் எடுத்தார்கள்.

பழைய தமிழ்ப் பெயர் கிழவி பெயர்போல இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. பழைய பெயர் எல்லாம் அப்படியல்ல. அமுதசுரபியில் முதல் பிச்சையிட்டவள் ஆதிரை. அந்தப் பாத்திரம் மணிமேகலைக்குக் கிடைத்த மணிபல்லவத்தை நயினாதீவு என்றே ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். ஆகவே அந்தக் கதையில் நம் கடலுக்கும் பங்குண்டு. ஆதிரை ஒரு நட்சத்திரத்தின் பெயர் என்பதையும் சாத்திரம் பார்ப்பவர்கள் கவனிக்கலாம். ஆண்டாள் திருப்பாவையில் அழைக்கும் நப்பின்னையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்கும் 'ந' சிறப்பைக் காட்டுகிற சிறு ஒட்டு. நக்கீரர், நச்செள்ளையார், நப்பசலையார் என்ற புலவர் பெயர்களிலும் அதே ஒட்டுத்தான். ஓர் எழுத்தை முன்னால் வைத்து ஒரு பெயரை உயர்த்திய முறை அது. காக்கையைப் பாடியதால் நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினி என்ற பெயரும் சேர்ந்தது. நச்செள்ளை என்று இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு வைக்கச் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தில் அது படாதபாடு படும். ஆனால் பின்னை, ஆதிரை, அங்கவை, சங்கவை எல்லாம் நாவுக்கு இலேசானவை. புதிதாகப் புனைவதும் குற்றமல்ல. யாழினி சங்கப் பாட்டில் இல்லாத பெயர். யாழ் என்ற வேரும் பாடினி என்ற பழைய அச்சும் இருந்ததால் கேட்ட மாத்திரத்தில் தமிழாக ஒலிக்கிறது. பொலன்னறுவையில் இன்றும் நிற்கும் வானவன்மாதேவி ஈச்சரம் ஒரு சோழ அரசியின் பெயரைத் தாங்கியது. பெண்ணின் பெயர் ஆயிரம் ஆண்டு கல்லில் நிற்கக்கூடியது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

சிங்களவர் வாயில் ழகரம் நுழையாது, வெளிநாட்டுக்குப் போனால் பெயரைக் கொன்றுவிடுவார்கள் என்கிற கவலையில் நியாயம் உண்டு. ஆனால் எந்தப் பெயரும் வாய்க்கு வாய் வளையத்தான் செய்யும். அரபு ஸைனப் முஸ்லிம் குடும்பங்களில் செய்னம்பு ஆனாள், பாத்திமா பாத்தும்மா ஆனாள். கத்தோலிக்கர் மாதாவின் வியாகுலத்தை எடுத்து வியாகுலம்மா என்று வைத்தார்கள். வளைந்தபோதும் இந்தப் பெயர்கள் பொருளை இழக்கவில்லை, ஏனென்றால் எங்கிருந்து வந்தவை என்று அந்த வீடுகளுக்குத் தெரியும். தூய தமிழ்தான் வேண்டும் என்பதல்ல என் வாதம். நேசமும் ஆதிரையுமே வடமொழி உறவுடையவை. தர்ஷினிக்கும் காண்பவள் என்ற பொருள் இருக்கிறது. வேர் தெரிந்த பெயராக இருக்க வேண்டும் என்பதே வாதம்.

பெயருக்குப் பொருள் எதற்கு, கூப்பிடத்தானே என்பாரும் உண்டு. திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் பெண்பிள்ளைகள் தொடர்ந்து பிறந்த வீடுகளில், அடுத்தது ஆணாகட்டும் என்று 'வேண்டாம்' எனப் பெயர் வைத்தார்கள். போதும்பொண்ணு என்ற பெயரும் தமிழ்நாட்டில் உண்டு. இடாப்புக் கூப்பிடும்போதெல்லாம் 'வேண்டாம்' என்று கேட்டு எழுந்து நிற்கும் பிள்ளையிடம், பெயருக்குப் பொருள் முக்கியமில்லை என்று எவராலும் சொல்ல முடியாது. கெட்ட பொருள் பிள்ளையைத் தொடும் என்றால் நல்ல பொருளும் தொடும்.

பிறப்பைப் பதிய இலங்கைச் சட்டம் தரும் அவகாசம் 42 நாள். துடக்குக் கழிவிலிருந்து எண்ணினாலும் 11 நாள் கையில் இருக்கிறது. அதில் ஒரு பின்னேரம் அம்மம்மாவிடம் போய் உட்கார்ந்து, அவருடைய அம்மாவின் பெயரையும் அம்மம்மாவின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிவாளரிடம் அதற்குப் பிறகு போகலாம்.