தள்ளிப்போடத் தெரிந்த கெர்னல்

கற்பிட்டியில் இரவுத் தொழிலுக்குப் போகிறவருக்குக் கரையில் ஏற்றிய சார்ஜ்தான் விடிந்து திரும்பும்வரை. நேரம் பார்ப்பதும் ஜி.பி.எஸ்.ஸில் இடம் பார்ப்பதும் சிக்னல் எட்டும் தூரத்தில் மீன் விலை கேட்பதும் அதே போனில்தான். ஆனால் திரை அணைந்து சும்மா கிடக்கும்போதும் பற்றரி இறங்குகிறது. அதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, யார் கண்ணிலும் படாத இடத்தில், அன்ட்ராய்ட் போன்களின் அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது.

வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுப்பது கெர்னல். திறந்திருக்கும் கோப்புகள், வலையமைப்புப் பாதைகள் என்று அது வைத்திருக்கும் பட்டியல்களைப் புராசசரின் பல கோர்கள் ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. வாசிக்கும் ஒவ்வொருவரும் பூட்டுப் போட்டுத் திறந்தால் வேகம் போய்விடும். அதற்கு வந்த வழிதான் ரீட்-காப்பி-அப்டேட், சுருக்கமாக ஆர்.சி.யு. இதில் வாசிப்பவருக்குப் பூட்டே கிடையாது. மாற்ற வேண்டியவர் பழையதைப் பிரதியெடுத்து, பிரதியைத் திருத்தி, பட்டியலின் சுட்டியைப் புதியதன் பக்கம் திருப்பிவிடுவார். அதற்கு முன்பே வாசிக்கத் தொடங்கியவர்கள் பழையதையே வாசித்து முடிப்பார்கள். அவர்களில் கடைசி ஆளும் வெளியேறிய பிறகுதான் பழைய பிரதி இருந்த நினைவகத்தை விடுவிக்கலாம். அதுவரை நின்று காத்திருக்க நேரமில்லாதவர், "எல்லோரும் போனதும் இதைச் செய்" என்று ஒரு குறிப்பை வரிசையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்தக் குறிப்புக்குப் பெயர் கால்பேக்.

இந்த உத்தியை 1990களின் தொடக்கத்தில் சீக்வென்ட் நிறுவனத்தில் பால் மெக்கென்னியும் ஜேக் ஸ்லிங்வைனும் உருவாக்கினார்கள். 1999இல் ஐ.பி.எம். அந்த நிறுவனத்தை வாங்கியது. 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்போடு ஆர்.சி.யு. லினக்ஸுக்குள் வந்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்ததில் பெரும்பங்கு, பெங்களூர் ஐ.பி.எம்.மில் இருந்த தீபாங்கர் சர்மாவுடையது.

பெரிய சர்வர்களுக்காகப் பிறந்த ஏற்பாடு இது. எந்நேரமும் வேலை நடக்கும் இடத்தில் கால்பேக்குகளின் செலவு தெரியாது. பற்றரியில் ஓடும் கருவியில் தெரியும். பின்னணியில் ஒரு செயலி பதிவுக் கோப்பொன்றைத் திறந்து ஒரு வரி எழுதி மூடுகிறது என்று வையுங்கள். மூடியதால் ஒரு கால்பேக் வரிசையில் விழலாம். உறங்கும் கோரை ஆர்.சி.யு. தட்டி எழுப்புவதில்லை, உறங்குகிறவர் வாசிக்கவில்லை என்பது அதற்குத் தெரியும். ஆனாலும் வாசகர்கள் போய்விட்டார்களா என்று கணக்குப் பார்க்கவும், பிறகு நினைவகத்தை விடுவிக்கவும் ஏதாவது ஒரு கோர் எழும்பத்தான் வேண்டும். வேலை என்னவோ நுனிவிரல் அளவு. எழும்புவதற்குத்தான் மின்சாரம் போகிறது.

பத்தலங்குண்டுத் தீவிலிருந்து கற்பிட்டிக்கு ஒரு கூடைக் கருவாட்டுக்காக மட்டும் படகை எடுத்தால் எண்ணெய்க் காசுக்கே கட்டாது. நாலு பேருடைய சாமான் சேரட்டும் என்று நிற்பார்கள். ஆனால் பொழுது சாய்ந்தாலோ படகு நிறைந்தாலோ நிற்க முடியாது. நோயாளி வந்துவிட்டால் அந்த நொடியே எஞ்சினை இழுக்க வேண்டியதுதான்.

2023 பெப்ரவரியில் வந்த லினக்ஸ் 6.2 இதே கணக்கைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தது. குரோம் ஓ.எஸ். மடிக்கணினிகளின் மின்செலவைக் குறைக்க முனைந்த ஜோயல் பெர்னாண்டஸ் உள்ளிட்டோர் எழுதிய இந்த வசதிக்கு 'சோம்பல் ஆர்.சி.யு.' என்று பெயர். கால்பேக்குகள் உடனே நிறைவேறாமல் ஏறத்தாழ 10 விநாடி வரை சேர்ந்து, பிறகு ஒரே மூச்சில் முடிகின்றன. வரிசை அளவுக்கு மீறி நீண்டாலோ நினைவகத்துக்கு நெருக்கடி வந்தாலோ 10 விநாடியும் காத்திருப்பதில்லை. ஓய்வாகவோ சொற்ப வேலையோடோ இருக்கும் கருவியில் 5 முதல் 10 சதவீதம் மின்சாரம் மிச்சமாவதாக எழுதியவர்கள் பதிவு செய்தார்கள்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், எல்லாக் கால்பேக்கும் குப்பை அள்ளும் வேலை அல்ல. சிலவற்றின் முடிவுக்காக வேறொருவர் வாசலில் நிற்கிறார். வலையமைப்புப் பாதை ஒன்றை விடுவிக்கும் கால்பேக் அப்படிப்பட்டது. அது முடியும்வரை, அந்தப் பாதை பிடித்துவைத்திருக்கும் வலையமைப்புச் சாதனத்தைக் கெர்னலால் நீக்க முடியாது. சோம்பலை இயக்கியபோது, குரோம் ஓ.எஸ்.ஸின் வலையமைப்புச் சோதனை ஒன்று, எல்லாவற்றையும் கலைத்து முடிக்கும் கடைசிக் கட்டத்தில் தோற்றது. வட்டுகளைக் கையாளும் ஸ்கஸி பகுதியிலும் தாமதம் இடறியது. அப்படிப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, 'இது அவசரம்' என்று சொல்லும் தனி அழைப்புக்கு மாற்றினார்கள். எது பொறுக்கும், எது பொறுக்காது என்பதைக் குறிப்பை எழுதுகிறவரே சொல்லும் முதல் நிலை இது.

இரண்டாம் நிலை, கெர்னலைக் கட்டுகிறவர் கையில். சோம்பல் வசதியைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அவர் தீர்மானிக்கலாம். ஆனால் உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீட்டாளர்களுக்கு அது போதவில்லை. அவர்கள் தரும் ஒரே கெர்னல் மடிக்கணினியிலும் ஓடுகிறது, சர்வரிலும் ஓடுகிறது. ஒன்றுக்கு மின்சாரம் முக்கியம், மற்றதற்கு வேகம் முக்கியம். இதற்காகக் காயிஸ் யூசெப் எழுதிய திருத்தம் 2024இல் வந்த 6.8 பதிப்பில் சேர்ந்தது. வசதியைக் கெர்னலுக்குள் வைத்து அணைத்த நிலையிலேயே அனுப்பலாம். வேண்டியவர் பூட் ஆகும்போது கொடுக்கும் ஒரு சொல்லால் இயக்கிக்கொள்ளலாம். கூடவே, கால்பேக்குகளைத் தனி இழைகளுக்கு ஒப்படைக்கும் பழைய வசதியும் இயங்க வேண்டும். சோம்பல் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இதை இடையில் மாற்ற முடியாது; மறுபடி பூட் செய்துதான் ஆக வேண்டும்.

ஆகவே ஒரு போனில் இது இயங்குகிறதா என்பது அதைச் செய்த நிறுவனம் என்ன தேர்ந்தது என்பதைப் பொறுத்தது. இயங்கினாலும் வீடியோ பார்க்கும் நேரத்தில் பயன் தெரியாது. எப்படியும் கோர்கள் விழித்தே இருக்கும். சும்மா கிடக்கும் மணிநேரங்களில்தான் மிச்சம். 10 விநாடி பொறுப்பது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குக் கெர்னலுக்குள் ஒரே பதில் இல்லை. வேலையைத் தெரிந்தவரும் கருவியைத் தெரிந்தவரும் வேறு வேறு ஆட்கள். இருவருக்கும் ஆளுக்கொரு விசை வைத்ததுதான் இந்தத் திருத்தங்களின் கெட்டிக்காரத்தனம்.